காது கேளாமையும் தலைச்சுற்றும்: காரணம் தேடும் ஆய்வுகள் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வன்னியின் எந்தப் பக்கம் போய்க் காதைப் பற்றிப் பேச்செடுத்தாலும், "அது ஷெல் சத்தத்தோடை போனது" என்ற பதிலே முதலில் வருகிறது. பலருக்கு அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு காரணத்தோடு தேடலை நிறுத்திவிடுவதால், திருத்தக்கூடிய காதுகளும் பதினைந்து வருடங்களுக்கு மேலாகத் திருத்தப்படாமல் கிடக்கின்றன. ஊர்க் கூட்டங்களில் எம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், ஆய்வுகள் அவற்றுக்குத் தரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறோம்.

காது கேட்காமல் போய்விட்டது. இனிக் காரணம் தெரிந்து என்ன பயன்?

காரணம் தெரிந்தால் பழுது எந்த இடத்தில் என்று தெரியும். இடம் தெரிந்தால்தான் எதைச் செய்யலாம் என்று தெரியும். ஒலி முதலில் செவிப்பறையைத் தட்டுகிறது. அங்கிருந்து சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்னும் மூன்று சிறிய எலும்புகள் வழியாக உட்காதின் நத்தைச்சுருளுக்குப் போகிறது. அங்குள்ள மயிர்க்கலங்கள் அந்த அசைவை மின் சைகையாக மாற்றி, நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. செவிப்பறையிலோ சிறு எலும்புகளிலோ உள்ள பழுதைப் பெரும்பாலும் சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாம். நத்தைச்சுருளிலோ நரம்பிலோ உள்ள பழுதுக்கு வழி வேறு: கேட்டல் கருவி, கடுமையான நிலையில் நத்தைச்சுருளுக்குள் பொருத்தும் மின்கருவி.

இந்த இரண்டையும் பிரித்தறிய வைத்தியர் முதலில் எடுப்பது ஓர் இசைக்கவைதான். அதைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து, சத்தம் எந்தப் பக்கம் கூடக் கேட்கிறது என்று கேட்பார். ஒட்டுசுட்டான் பக்கத்து அம்மா ஒருவர் அந்த இடத்தில் திகைத்துப்போனதை அருகிலிருந்து கண்டிருக்கிறோம். "கேக்காத காதுக்குள்ளைதான் டொக்டர் கூடக் கேக்குது" என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிழையாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. உண்மையில் அது நல்ல செய்தி. நரம்பு செத்திருந்தால் சத்தம் நல்ல காதுக்கே போயிருக்கும். கேளாத காதில் கூடக் கேட்டால், அந்தக் காதின் நரம்பு உயிரோடிருக்கிறது, தடை நடுக்காதில் இருக்கிறது என்றே பொருள்.

2009 இல் ஷெல் பக்கத்தில் விழுந்ததிலிருந்து ஒரு காது கேட்பதில்லை. இப்போது காட்டிப் பயன் உண்டா?

கட்டாயம் உண்டு. வெடிப்பின்போது எழும் அழுத்த அலை உடலில் முதலில் பதம் பார்க்கும் உறுப்புகளில் ஒன்று செவிப்பறை. அது கிழியலாம், சிறு எலும்புகள் ஒன்றிலிருந்து ஒன்று கழரலாம், நத்தைச்சுருளின் மயிர்க்கலங்கள் நசிந்து போகலாம். ஒரே ஆளில் மூன்றும் சேர்ந்தும் நடக்கலாம். 2013 ஆம் ஆண்டு பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் நடந்த குண்டுவெடிப்பில் காயமடைந்தவர்களின் காதுகளை அங்குள்ள வைத்தியர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். சிலருடைய செவிப்பறை தானாக மூடிக்கொண்டது. கணிசமானவர்களுக்கு மூடவில்லை, சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. காது இரைச்சலும், சனத்துக்குள் பேச்சு விளங்காமையும் பலரில் நீடித்தன.

அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, வெடிப்பில் அடிபட்ட காதைக் காயம் ஆறிய பின்னும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதே. பொஸ்டனில் காயப்பட்டவர்களை அன்றே பெரிய வைத்தியசாலைகள் ஏற்றுக்கொண்டன. முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்களுக்கு உயிரும் அவயவமும்தான் முதலில் பார்க்கப்பட்டன. காதைப் பார்க்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. ஆகவே, அன்று பார்க்கப்படாத காதை இன்று பார்ப்பது தாமதமான காரியம் அல்ல, விடுபட்ட காரியம். மூடாமல் விட்ட ஓட்டையைக் காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டி மூடும் சத்திரசிகிச்சை பல ஆண்டுகள் கழிந்த பின்னும் செய்யப்படுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெடிப்பில் செவிப்பறையின் தோல் துணுக்குகள் நடுக்காதுக்குள் தள்ளப்பட்டால், அவை அங்கேயே வளர்ந்து எலும்பை அரிக்கும் கட்டியாக மாறக்கூடும். ஆண்டுக்கணக்காக ஒரே காதிலிருந்து துர்நாற்றத்தோடு சீழ் வடிந்தால், அதைப் பழைய காயம்தானே என்று விடக்கூடாது.

உயிருள்ள ஒருவரின் உட்காதை வெட்டிப் பார்க்க முடியாதே. ஆய்வாளர்கள் எப்படிக் காரணம் காண்கிறார்கள்?

உட்காது உடலின் மிகக் கடினமான எலும்புக்குள் புதைந்திருக்கிறது. அதில் துண்டெடுத்துச் சோதித்தால் இருக்கும் கேட்கும் திறனும் போய்விடும். அதனால் ஆய்வு சுற்றுவழிகளில்தான் முன்னேறியது. ஹங்கேரியில் பிறந்த ஜோர்ஜ் ஃபொன் பெக்கேசி, இறந்தவர்களின் நத்தைச்சுருளைத் திறந்து, அதில் வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின் கீழ் பார்த்து, ஒலி உள்ளே அலையாக ஓடுவதைக் கண்டார். 1961 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இறப்பின் பின் தானமாகக் கொடுக்கப்பட்ட காதெலும்புகள், எலி, கினிப்பன்றி, கோழிக்குஞ்சு, மரபணுச் சோதனைகள் என்று மற்ற வழிகள் பின்னர் வந்தன.

1978 இல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டது இன்னும் வியப்பானது. நலமான காது ஒலியைக் கேட்பதோடு நிற்காமல், மிக மெல்லிய ஒலியைத் திருப்பியும் அனுப்புகிறது. பிறந்த குழந்தையின் காதில் சிறிய முனையொன்றை வைத்து, அது நித்திரையாக இருக்கும்போதே சில நிமிடங்களில் செய்யும் சோதனை அந்தக் கண்டுபிடிப்பில் பிறந்ததுதான்.

செத்த நரம்பு திரும்ப வளருமா? வளர வைக்கும் எண்ணெய் இருக்கிறது என்கிறார்களே?

பொதுவாக நாம் "நரம்பு செத்துப்போச்சு" என்று சொல்வது பெரும்பாலும் மயிர்க்கலங்கள் அழிந்ததைத்தான். ஒரு காதில் அவை ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. மனிதரில் அழிந்தவை திரும்ப முளைப்பதில்லை. ஆனால் 1980களின் பிற்பகுதியில், பலத்த சத்தத்தாலும் மருந்தாலும் மயிர்க்கலங்களை இழந்த கோழிக்குஞ்சுகளில் சில வாரங்களுக்குள் புதியவை முளைத்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் முற்றத்தில் மேயும் கோழிக்கு இயல்பாக இருக்கும் இந்த ஆற்றல் பாலூட்டிகளில் ஏன் அடைபட்டுப் போனது என்பதே உலகத்தின் பல ஆய்வுகூடங்களை இன்று இயக்கும் கேள்வி. மயிர்க்கலங்களை வளர்க்குமென்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ஒரு மருந்து, 2023 இல் முடிந்த மனிதப் பரிசோதனையில் பயன் காட்டவில்லை. நிலைமை அப்படியிருக்க, நரம்பை வளர்க்கும் எண்ணெய் என்று விற்கப்படுவதை வாங்கிப் பணத்தை இழக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம்.

பிள்ளை பிறவியிலேயே கேட்பதில்லை. மச்சான் மச்சாள் கலியாணம் செய்ததாலா? தாய் ஏதும் பிழை விட்டாரா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மார் பெரும்பாலும் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம்: மரபணு எவருடைய பிழையும் அல்ல, செய்வினையும் அல்ல.

பிறவிக் கேளாமையில் பாதி அல்லது அதற்கு மேற்பட்டது மரபணு சார்ந்தது. 1997 இல் அடையாளம் காணப்பட்ட கனெக்சின் 26 என்னும் புரதத்தின் மரபணுவில் வரும் மாற்றம் உலகின் பல பகுதிகளில் இதற்கு முக்கிய காரணம். இவற்றில் பெரும்பாலானவை பின்னடைவான மரபணுக்கள்: தாயும் தந்தையும் நன்றாகக் கேட்பவர்களாக இருந்தும், இருவரும் அதே மாற்றத்தில் ஒவ்வொரு பிரதியைச் சுமந்தால், ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும்போது இருவரிடமும் அதே பிரதி இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. அது வாய்ப்பு மட்டுமே. சொந்தத்தில் முடித்த பெரும்பாலானோரின் பிள்ளைகள் நன்றாகவே கேட்கிறார்கள், அந்நியத்தில் முடித்தவர்களுக்கும் கேளாத பிள்ளை பிறக்கிறது.

மற்றப் பாதியில்தான் தடுக்கக்கூடிய காரணங்கள் நிறைய இருக்கின்றன. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கட்டுக்கடங்காத செங்கண்மாரி, மூளைக்காய்ச்சல், கர்ப்பத்தில் தொற்றும் கிருமிகள் ஆகியவை அவற்றுள் சில. 1941 இல் அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா என்னும் தொற்றுக் காய்ச்சல் வந்திருந்ததைக் கவனித்து எழுதினார்; கேளாமையும் அதே தொற்றால் வருகிறது என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. தாய்மார் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரு வைத்தியரில் தொடங்கிய அந்த விசாரணை தடுப்பூசியில் போய் முடிந்தது. 2020 யூலையில் இலங்கை ருபெல்லாவை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படும், சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் எதிரான எம்.எம்.ஆர். ஊசியைத் தவறவிடாதிருப்பது, கூகைக்கட்டால் வரக்கூடிய கேளாமையையும் தடுக்கும். பிறவியிலும் பின்னரும் வருவதைச் சேர்த்துப் பார்த்தால், உலகளவில் பிள்ளைகளின் கேள்விக் குறைபாட்டில் ஏறத்தாழ 60% தடுக்கக்கூடிய காரணங்களால் வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது.

2024 சனவரியில் ஷங்காயிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஓட்டோஃபெர்லின் என்னும் ஒரேயொரு புரதம் இல்லாமல் பிறவியிலேயே கேளாதிருந்த ஆறு பிள்ளைகளின் காதுக்குள் சரியான மரபணுவைச் செலுத்தியபோது, ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியது. இது அரிதான ஒரு வகைக்கு மட்டுமே பொருந்தும். எல்லாப் பிறவிக் கேளாமைக்கும் மருந்து வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் எந்த மரபணு என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது.

எவ்வளவு வயதில் பிள்ளையைக் காட்ட வேண்டும்?

ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே பல நாடுகள் பின்பற்றும் இலக்கு. ஆறு மாதத்துக்கு முன் கண்டறியப்பட்ட பிள்ளைகளின் மொழி வளர்ச்சி பின்னர் கண்டறியப்பட்டவர்களுடையதை விட நன்றாக இருப்பதை 1998 இல் வெளியான ஆய்வு காட்டியது. "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைப்பான்" என்று காத்திருக்காதீர்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் அன்றே சொல்லுங்கள்.

குளிசையும் ஊசியும் காதைக் கெடுக்குமா?

சில மருந்துகள் கெடுக்கும். 1940களில் காசநோய்க்கு வந்த முதல் பலமான மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி உயிர்களைக் காத்தது. ஆனால் அதைப் போட்டவர்களில் சிலர் இருட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினார்கள். அந்த வகை மருந்துகள் மயிர்க்கலங்களுக்குள் புகுந்து அவற்றைக் கொல்கின்றன. தாய்வழியாக மட்டும் கடத்தப்படும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களின் கேட்கும் திறனை இந்த வகையில் சில ஊசிகளே பறித்துவிடலாம் என்பது 1993 இல் கண்டறியப்பட்டது. ஆகவே தாய்வழியில் எவருக்காவது ஊசிக்குப் பின் காது போயிருந்தால், அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

காரணத்தை அறிந்ததால் சிகிச்சையே மாறியது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குப் பயன்பட்ட கனமைசின் ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டின் வழிகாட்டலில் கைவிட்டு, வாயால் எடுக்கும் மருந்துகளை முன்னிறுத்தியது. வழமையான காசநோய்க்கு இன்று கொடுக்கும் நான்கு மருந்துக் கூட்டில் இந்த வகை ஊசி இல்லை. காதுக்குப் பயந்து எவரும் அந்தக் குளிசையை இடையில் நிறுத்த வேண்டாம். புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டினும் காதைப் பாதிக்கும். ஈரல் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கு அதன்பின் சோடியம் தயோசல்பேற்று என்னும் மருந்தைக் கொடுத்தபோது, கேள்விக் குறைபாடு 63% இலிருந்து 33% ஆகக் குறைந்ததை 2018 இல் வெளியான ஆய்வு காட்டியது.

அந்தக் காலத்து மலேரியாக் காய்ச்சலுக்குக் குவினைன் குடித்துக் காது இரைந்ததை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அது உண்மை, பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதும் மாறிவிடும். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றபின் இந்தக் காரணம் அரிதாகிவிட்டது.

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், அரிசி மில், கோயில் ஒலிபெருக்கி: எது எவ்வளவு கெடுதல்?

சத்தத்தின் அளவும் கேட்கும் நேரமும் சேர்ந்தே கெடுக்கின்றன. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் வைத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். பக்கத்தில் நிற்பவருடன் கத்திக் கதைக்க வேண்டியிருந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாண்ட்மாஸ்டரின் இயந்திரத்துக்குப் பின்னால் நாள் முழுக்க நடப்பவரும், மில்லில் நிற்பவரும் காதடைப்பான் போட வேண்டும். பஞ்சு போதாது.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியின் வாய்க்கு நேரே சின்னப் பிள்ளைகளை இருத்துவதைக் காணும்போது மனம் பதைக்கிறது. பத்தடி தள்ளி இருத்தினாலே பெரிய வித்தியாசம்.

சோதனையில் காது நல்லது என்கிறார்கள். ஆனால் சனத்துக்குள் பேச்சு விளங்குவதில்லை. இது என்ன?

2009 இல் பொஸ்டனில் ஷரன் குஜாவா, சார்ள்ஸ் லிபர்மன் ஆகிய இருவரும் எலிகளில் காட்டியது இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. பலத்த சத்தத்துக்குப் பின் எலிகளின் கேட்கும் அளவு வழமைக்குத் திரும்பியது. மயிர்க்கலங்களும் அப்படியே இருந்தன. ஆனால் மயிர்க்கலத்தையும் நரம்பையும் இணைக்கும் பொருத்துகளில் கணிசமான பங்கு நிரந்தரமாக அறுந்திருந்தது. அமைதியான அறையில் மெல்லிய ஒலியைக் கேட்க மிஞ்சிய பொருத்துகள் போதும்; சந்தைக்குள் ஒருவர் பேச்சைப் பிரித்தெடுக்கப் போதாமல் போகலாம். மனிதரில் இதை நேராக அளக்கும் முறையை ஆய்வாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் முறைப்பாடு கற்பனை அல்ல என்று சொல்ல இப்போதுள்ள சான்றே போதும்.

தலைச்சுற்று வந்தால் பிரஷர் என்கிறார்கள். காதாலும் தலைச்சுற்று வருமா?

வரும், அதுவும் அடிக்கடி. காதுதான் உடலின் சமநிலைக்கும் உறுப்பு. வியன்னா நகரத்து வைத்தியர் ரொபேர்ட் பாரனி, நோயாளரின் காதைக் கழுவும்போது நீர் குளிர்ந்திருந்தால் தலை சுற்றிக் கண்மணி ஒரு பக்கம் துடிப்பதையும், நீர் சூடாக இருந்தால் மறுபக்கம் துடிப்பதையும் கண்டார். அதிலிருந்து, தலையின் அசைவை உணரும் உட்காதின் அரைவட்டக் கால்வாய்கள் இயங்கும் விதத்தை விளக்கி, 1914 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். அதே நீர்ச் சோதனை இன்றும் செய்யப்படுகிறது.

காதால் வரும் தலைச்சுற்றுகளில் மிகவும் பொதுவானது இப்படியிருக்கும்: படுக்கையில் வலப்பக்கம் புரண்டதும் முகடு சுழல்கிறது, கயிற்றில் உடுப்புக் காயப்போட நிமிர்ந்ததும் நிலம் சரிகிறது, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. உட்காதில் கல்சியம் காபனேற்றுத் துகள்கள் இருக்கின்றன. அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் கால்வாய்க்குள் விழுவதே காரணம். வயதும் தலையில் அடிபடுதலும் அதைத் தூண்டும். வெடிப்பில் தூக்கி எறியப்பட்டவர்களை இதற்காகவும் பார்க்க வேண்டும். அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி, தலையை ஒரு பக்கம் திருப்பிப் பின்னுக்குச் சாய்த்து, மறுபக்கம் திருப்பி, உடலை உருட்டி எழுப்பி, துகள்களை வந்த வழியே வெளியேற்றும் முறையை 1980 அளவில் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1992 இல் அவருடைய முழு அறிக்கை வெளியானது. இன்று அதுவே உலகெங்கும் முதற் சிகிச்சை. சில நிமிட வேலை, மருந்து தேவையில்லை. இது தெரியாமல் தலைச்சுற்றுக் குளிசையை வருடக்கணக்கில் விழுங்குபவர்களைக் காண்கிறோம். நீண்ட காலம் எடுத்தால் மூளை தானாகச் சமநிலையை மீட்டுக்கொள்வதையே அந்தக் குளிசை பிந்தவைக்கும்.

காது அடைத்து, இரைந்து, மணிக்கணக்கில் தலை சுற்றி, சத்தி எடுக்கிறது. இதுவும் அதுதானா?

இல்லை, இது பெரும்பாலும் மெனியேர் நோயாகவோ ஒற்றைத்தலைவலியோடு சேர்ந்த தலைச்சுற்றாகவோ இருக்கும். 1861 இல் பாரிஸ் வைத்தியர் ப்ரோஸ்பெர் மெனியேர் இது மூளை நோயல்ல, காது நோய் என்றார். 1938 இல் லண்டனிலும் ஜப்பானிலும் இறந்தவர்களின் காதில் உட்காது நீர் வீங்கியிருந்தது தெரிந்தது. 2007 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த வீக்கத்தை உயிரோடிருப்பவரிலேயே எம்.ஆர்.ஐ. படத்தில் காட்டினார்கள். ஏன் வீங்குகிறது என்பது இன்னும் விடுபடாத முடிச்சு. உப்பைக் குறைக்கும்படி வைத்தியர்கள் சொல்வதுண்டு. ஆதாரம் பலமானதல்ல, ஆனால் கருவாட்டையும் ஊறுகாயையும் குறைப்பதில் நட்டமில்லை.

எந்த நிலையில் காத்திருக்காமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்?

இரண்டு நிலைகளில். நேற்று வரை நன்றாகக் கேட்ட ஒரு காது ஓரிரு நாளில் திடீரென அடைபட்டால், அதைக் காதுக்குடுமி (காதழுக்கு) என்று எண்ணி எண்ணெய் விடாதீர்கள். ஸ்டீரொயிட் மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் கூட. மற்றது, விடாத தலைச்சுற்றோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் சோர்வு, பிடித்தாலும் நிற்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் அது பாரிசவாதமாக இருக்கலாம். பயிற்சி பெற்ற வைத்தியர் கண்ணசைவை மட்டும் பார்த்து, முதல் நாட்களின் எம்.ஆர்.ஐ. படத்தை விடவும் திறமாகப் பாரிசவாதத்தைக் கண்டுகொள்ள முடியும் என்று 2009 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே படமெடுக்கும் இயந்திரம் தூரத்தில் இருக்கிறதே என்று வீட்டில் தங்க வேண்டாம்.

வயதுபோனால் கேட்காதுதானே, அம்மம்மாவுக்குக் கருவி எதற்கு?

கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். ஒதுங்கியவரின் மறதி கூடுகிறது என்ற ஐயம் பல ஆண்டுகளாக இருந்தது. 70 முதல் 84 வயதுடைய 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2023 இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கருவியால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மறதி வரும் வாய்ப்புக் கூடிய பிரிவினரில் நினைவுத் திறன் குறையும் வேகம் 48% தணிந்தது. அம்மம்மா பேரப்பிள்ளை சொல்வதைக் கேட்டுச் சிரிக்க வேண்டும் என்பதே கருவிக்குப் போதிய காரணம் என்பது எம் எண்ணம்.

கிளினிக்குக்குப் போகும்போது எதைக் கொண்டுபோக வேண்டும்?

குடிக்கும் குளிசைகளின் மட்டைகள், பழைய கிளினிக் கொப்பி, பிள்ளையென்றால் பிள்ளைச் சுகாதாரப் பதிவேடு, தாயின் கர்ப்பகால அட்டை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். எந்தக் காது, எந்த ஆண்டு, திடீரென்றா மெல்ல மெல்லவா, தலை சுற்றினால் எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் திரும்பும்போது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஷெல் விழுந்த இடத்தையும் தூரத்தையும் சொல்லும்போது, அதற்கு முன் அந்தக் காது எப்படிக் கேட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.